வெர்னர் அண்ணாச்சி கொடுத்த தோல்

இலஞ்சிக் குமரன் துணை

குத்துக்கல்வலசை,
கார்த்திகை, சனிக்கிழமை.

அன்பு மகள் உமாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நடமாடிக்கொண்டு இருக்கிறோம், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீ அந்தக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு, நன்றாக இருக்கிறாய் என்றே நம்பி மேலே எழுதுகிறேன். தினமும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று கவரைப் பிரிக்கும்போதே உனக்குத் திக்கென்று இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து 'விடும்மா, இதுல என்ன இருக்கு' என்பாய், நானும் நல்ல சாக்குக் கிடைத்தது என்று பாதியில் விட்டுவிடுவேன், அப்பா வேறு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே வர முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் போன் போடு.

முதலில் ஊர்ச் செய்தி. ஐப்பசியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை, மெயினருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, போலீஸ் யாரையும் குளிக்க விடுவதில்லை, வேன் வேனாக வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். கோமதிசங்கர் மாமாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாமாவுக்கு மாடியில்தான் எல்லா வேலையும் இருக்கிறது. சுவாதி நட்சத்திரத்தன்று கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன், கும்பல் தாங்கவில்லை. பக்கத்து மனையில் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், நாள் முழுக்க மண்ணும் சிமெண்டும் நம் வீட்டுக்குள்தான். இப்படியே எழுதிக்கொண்டு போனால் இரண்டு பக்கம் ஓடிவிடும், விஷயத்துக்கு வர எனக்கு மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. வெட்கமாக இருக்கிறது உமா. பெற்ற பிள்ளையிடம் எழுத வெட்கப்பட வேண்டிய நிலைமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

விஷயம் அப்பாவின் ஆர்கனைப் பற்றியது. உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். டிப்போவில் பஸ் பிரேக்குக்குக் காற்றுச் சரிபார்த்தே காலத்தைத் தள்ளிய மனிதர் ரிட்டயர்டு ஆனதும் வீட்டில் கால் தரிக்காமல் அலைந்தார், யார் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் இவர்தான். அப்படித்தான் ஐந்தருவி ரோட்டில் இருக்கும் சின்னச் சர்ச்சுக்கு ஜெனரேட்டர் பார்க்கப் போனார். போனவர் அங்கே மூலையில் எலிக்கும் கரையானுக்கும் வீடாகிக் கிடந்த பைப் ஆர்கனை, குழாய்களில் காற்றை விட்டு வாசிக்கும் பழைய வாத்தியத்தை, பார்த்துவிட்டு வந்தார். வெள்ளைக்காரன் சீசனுக்கு வந்த காலத்தில் வைத்துவிட்டுப் போனதாம், அங்கே ஆர்மோனியம் வாசிக்கும் ரத்தினபாய் டீச்சர் மட்டும் சின்னப்பிள்ளையில் அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்களாம். 'பேராச்சி, அது வேற ஒண்ணும் இல்ல, வெறும் காத்து. காத்த எனக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டே அன்றைக்கு அப்பா செருப்பைக் கழற்றினார். அதோடு நாலு வருஷம் போயிற்று. மொட்டைமாடியில் ஓலைப்பாயை விரித்துக் குழாய்களை அடுக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்து, நசுங்கினதை நிமிர்த்தி, வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார். தெருவில் இரண்டு பேர் என்னிடம் வந்து உங்க வீட்டு அண்ணாச்சி பாத்ரூமுக்குப் பைப் போட வருவாரா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். படித்துச் செய்கிற தொழில் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் ஆளும் இல்லை. அங்கே நீ மாடியில் குடியிருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரர் வெர்னர் அண்ணாச்சி ஆயுசு முழுக்க ஆர்கன் செய்தே பிழைத்தவராக இருந்தது நாம் செய்த புண்ணியம். நீ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய், அந்த வயசு மனிதரை எனக்கு அப்படிக் கூப்பிட வாய் வராது, அண்ணாச்சி என்றுதான் வரும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் போனில் காட்டிக் காட்டிச் சொல்ல, நீ தமிழில் சொல்ல, அப்பா அதை அங்கே போய்ச் செய்து பார்ப்பார்.

எல்லாம் முடிந்து கடைசியாகக் குழாய்களுக்குக் காற்றைத் தள்ளும் துருத்தி ஒன்றுதான் பாக்கி. கட்டில் அகலத்துக்கு மடிப்பு மடிப்பாகப் பலகை வைத்த துருத்தி, அந்த மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்திருந்த தோலை எலி தின்று தீர்த்திருந்தது. அதற்காக வெர்னர் அண்ணாச்சி தன்னிடம் இருந்த நல்ல ஆட்டுத்தோலை எடுத்துக் கொடுத்தார், வைகாசியில் லீவுக்கு வந்தபோது இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நீயே கொண்டுவந்தாய். தோல் தீட்டு, நம் வீட்டில் பெல்ட்டைக்கூடக் கழற்றி வெளியேதான் மாட்ட வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பவள் நான், முகத்தைச் சுளித்தேன், நீயும் அப்பாவும் சிரித்தீர்கள். அப்பா அதைக் கொண்டுபோய்ச் சாமான் அறைப் பரண்மேல் வைத்தார். 'தண்ணி மட்டும் படக் கூடாது, பட்டா போச்சு, பாத்துக்கோ' என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். நீ ஊருக்குப் போன பிறகு ஆடி முதல் வெள்ளிக்கு வீட்டைக் கழுவும்போது நான் அந்த டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினேன். தோலை உருவிச் சாக்கில் சுற்றி, பின்னால் மோட்டார் ரூமில் தரையில் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. டப்பா நன்றாக இருந்தது, கழுவித் துணி கிளிப் போட்டு வைத்துக்கொண்டேன், இன்றைக்கும் துணி உலர்த்தும் கொடிப் பக்கத்தில் அதுதான் இருக்கிறது. அந்த மோட்டாரில் எப்போதும் தண்ணீர் கசியும், ஆடிச் சாரலில் அந்த அறைச் சுவரே வேர்த்து ஊற்றும். அப்புறம் நான் அதை மறந்தே போனேன்.

ஆவணியில் துருத்தி வேலை முடிந்தது என்று அப்பா சொன்னார், உன்னிடமும் சொன்னார். அந்தத் தோலைத்தான் எடுத்து ஒட்டியிருப்பார் என்று நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஐப்பசியில் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, அன்றைக்குத்தான் ஆர்கனை முதன்முதலாக வாசிப்பது என்று ஏற்பாடு. ரத்தினபாய் டீச்சர் உனக்கு அனுப்பிய வீடியோவில் முதல் பாட்டு மட்டும்தான் இருக்கும். அந்தப் பாட்டுக்கு எனக்கே மேல் சிலிர்த்தது, நாலு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த குழாய்களா இவை என்று இருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் பின்னால் இருந்து பட்டென்று ஒரு சத்தம், உடனே எல்லாக் குழாயும் சேர்ந்து சுருதி இறங்கி ஊளையிட ஆரம்பித்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அப்பா எழுந்து ஓடி ஆர்கனுக்குப் பின்னால் புகுந்தார், பிரிந்த இடத்தில் துண்டை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறார், பிடித்தும் நிற்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்த டீச்சர் கொஞ்சமும் தடுமாறாமல் ஆர்கனை விட்டு எழுந்து ஆர்மோனியத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள், சபையே குரலை உயர்த்திப் பாடி அந்தச் சத்தத்தை மூடியது. ஆராதனை முடிந்து குருவானவர், ஏற்கெனவே வாங்கி வைத்த பொன்னாடை ஆயிற்றே, அப்பாவை முன்னால் கூப்பிட்டுப் போர்த்தினார். தலையெல்லாம் மரத்தூளோடு அப்பா குனிந்து நின்றார். அந்தப் பொன்னாடை வீட்டுக்கு வரவில்லை, பைக் பெட்டியிலேயே கிடக்கிறது.

மறுநாள் நீ போன் போட்டாய். அப்பா துருத்தி விட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னார். தோலா விட்டது என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அப்போது நான் பேசிய பேச்சு உனக்கு மறந்திருக்காது. 'தோலு சரியில்லட்டி, வேண்டாத பழச நம்ம தலையில கட்டிட்டாரு உன் வீட்டு ஓனரு, நாலு வருசப் பாடு நாசமாப் போச்சு' என்றேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். நீ அதை நம்பி அவரிடம் நேருக்கு நேர் கேட்டுவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை கீழே அவரோடு காப்பி குடிக்கப் போவதையும் நிறுத்திவிட்டேன் என்று நீ சொன்னபோது, என் மகள் நமக்காகப் பேசியிருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

போன வாரம் வெர்னர் அண்ணாச்சியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உன்னிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார். உள்ளே புதுத் தோல்கள், வெண்ணெய் போல மெத்தென்று, கூடவே இங்கிலீஷில் ஒரு சீட்டு. நான் படித்த இங்கிலீஷுக்குப் புரிய வேண்டும் என்றே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார் போல. என் தோல் உங்களைக் கைவிட்டதற்கு மன்னியுங்கள், என்னிடம் இருந்ததையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன், தவறு எங்கே என்று தெரியவில்லை, இது கடைசியாக ஒரு ஆர்கன் செய்ய வேண்டும் என்று எனக்காக எடுத்து வைத்திருந்தது, உங்கள் கணவரின் வேலை நல்ல வேலை, அவர் மனம் தளரக் கூடாது என்று எழுதியிருந்தார். பார்த்தாயா, ஒத்துக்கொண்டுவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். எலுமிச்சைச் சாதத்தைக் கட்டிக்கொண்டு, அந்தப் பார்சலையும் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துச் சர்ச்சுக்கே போனேன். உள்ளே இருப்பது தோல்தான், ஆனாலும் ஜெயித்த சந்தோஷத்தில் தீட்டெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்பா துருத்தியைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சீட்டை வாங்கிப் படித்தார், ஒரு தடவை படித்துவிட்டுத் திரும்பவும் படித்தார். 'அவரு தோலுல ஒரு குத்தமும் இல்லட்டி. நான் அத ஒட்டவே இல்ல. சீட் கவர் கடையில ரெக்ஸின் வாங்கி ஒட்டினேன்' என்றார். அப்போதுதான் பார்த்தேன், பிரிந்து கிடந்த மடிப்பெல்லாம் பஸ் சீட்டில் இருக்கிற அதே சிவப்பு ரெக்ஸின், பசை விட்டுச் சுருண்டு கிடந்தது. அப்ப அந்தத் தோலு எங்க என்று நான் அதட்டலாகத்தான் கேட்டேன். 'மோட்டார் ரூம்ல இருந்துச்சு. எடுக்கும்போதே கையோட பிஞ்சி வந்துது' என்றார். யார் அங்கே வைத்தது என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, ரெக்ஸினைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ரத்தினபாய் டீச்சர் சத்தம் காட்டாமல் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். 'சண்ட போடணும்னுதான் வேகமா வந்தேன். நீ சாமிக்குப் பாயசம் வச்சிக்கிட்டுப் பாடிக்கிட்டு இருந்த. சரி, எதாவது பண்ணிச் சமாளிப்போம்னு விட்டுட்டேன்' என்றார். அப்புறம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, 'உமாகிட்ட சொல்லிராத, என் தலையில கெடக்கட்டும்' என்றார். பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு அந்தச் சாதத்தை இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

இதற்குள் நீ ஒரு சமாதானம் கண்டுபிடித்திருப்பாய், அம்மா ஆடி வெள்ளிக்கு ஆசாரம் பார்த்து எடுத்து வைத்தாள், பாவம் என்று. நானும் ஒரு வாரமாக அதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது நிஜம் இல்லை உமா. ஆசாரம் என்றால் டப்பாவோடு தூக்கிக் வெளியே பைக் நிற்கிற ஷெட் அலமாரியில் வைத்திருக்கலாம், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வைகாசியில் நீ வந்திருந்த நாளெல்லாம் மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் நீயும் அப்பாவும் போனில் அந்த அண்ணாச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். எனக்குத் தெரியாத பாஷை, எனக்குத் தெரியாத சிரிப்பு. நான் காப்பி கொண்டுவந்து வைப்பேன், டம்ளரை எடுத்துப் போவேன். இரண்டு வருஷம் கழித்து வந்த மகள் என்னோடு உட்கார்ந்து ஒரு நாள் முழுசாகப் பேசவில்லை. அந்தத் தோலைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது கைக்குழந்தையைத் தருகிற மாதிரி நீ அப்பாவிடம் கொடுத்தாய், எனக்கு வாங்கி வந்த சேலையைக் கட்டிலில் போட்டாய். அது என் நெஞ்சில் கிடந்தது. பரணில் டப்பாவைப் பார்த்தபோது சாமி நினைப்பு வரவில்லை, இந்த நினைப்புதான் வந்தது. கெடட்டும் என்றேதான் போட்டேன். அப்புறம் சாமி மேல் பழியைப் போட்டுவிட்டு விளக்கேற்றினேன். இந்த வயசில் ஒரு துருத்தி மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். அதற்கு என் புருஷன் ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றார், கடல் தாண்டி ஒரு கிழவர் செய்யாத தப்புக்கு என்னிடமே மன்னிப்புக் கேட்கிறார், நீயும் அவர் முகத்தில் விழிக்காமல் இருக்கிறாய்.

அதனால் நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கீழே இறங்கிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டு. வெறும் கையோடு போகாதே, எதாவது பழம் வாங்கிக்கொண்டு போ. உன் வாயால், அவர் பாஷையிலேயே, உங்கள் தோலில் குற்றம் இல்லை, என் அப்பா அதை ஒட்டவே இல்லை, என் அம்மா அதை ஈரத்தில் போட்டுக் கெடுத்தாள் என்று சொல்லு. சொல்லிவிட்டு, இப்போது அனுப்பியிருக்கும் தோலை நாங்கள் தொடலாமா என்று கேள். கிறிஸ்துமஸுக்குள் முடியுமா என்று டீச்சர் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அப்பா பலகையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். உண்மை தெரியாத மனிதரின் பொருளை எடுத்து ஒட்ட அப்பாவுக்குக் கை வரவில்லை என்பது எனக்குத் தெரியும், அதைச் சொன்னால் என்னைச் சொன்னதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். வெர்னர் அண்ணாச்சி தொடலாம் என்றால் தொடுகிறோம், வேண்டாம் என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன், அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். தோல் இப்போது என் பட்டுச்சேலை பீரோவில் இருக்கிறது. அம்மா திருந்திவிட்டாள் என்று நினைக்காதே, இந்த மழையில் ஈரம் படாத இடம் வீட்டில் அது ஒன்றுதான். அவர் என்னை மன்னித்தார் என்று எனக்கு எழுத வேண்டாம், அது அவர் இஷ்டம், நீ போய்ச் சொல்லிவிட்டாய் என்று மட்டும் எழுது.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், திருக்குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உன் கூடவே இருக்க வேண்டும். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. இன்னொன்று, இதுதான் முக்கியம். என்னைக் காப்பாற்ற உனக்கு மனசு துடிக்கும், பெற்றவள் என்று. அவரிடம் பேசும்போது, அம்மா பழைய காலத்து மனுஷி, தோலைப் பற்றி விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லிவிடாதே. விவரம் தெரிந்துதான் செய்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தி. பேராச்சி